வாட்டர் பம்ப் போச்சுன்னா வீட்டுலயே மாத்தலாமா, கராஜுல விடலாமா, ஷோரூமுக்கே போயிடலாமா?

பெங்களூருல கார் வச்சிருக்கற நம்மாளுங்ககிட்டருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. இன்ஜின் சூடாகாம கூலன்ட் தண்ணிய சுத்த விடற வாட்டர் பம்ப் லீக்காகுது, மெக்கானிக் மாத்தணும்னு சொல்லிட்டாரு, ஷோரூம்ல ஒரு ரேட்டு சொல்றாங்க, பக்கத்து கராஜுல வேற ரேட்டு, யூட்யூப்ல பாத்தா ஒருத்தர் வீட்டு வாசல்லயே நின்னு மளமளன்னு மாத்திட்டு போறாரு, இதுல எத நம்பறது. யார் கேட்டாலும் நான் திருப்பி கேக்கறது ஒன்னுதான். உங்க வண்டில பம்ப்ப எந்த பெல்ட் சுத்துது? ஆல்டர்னேட்டருக்கும் ஏசிக்கும் ஓடற வெளி பெல்ட்டா, இல்ல இன்ஜின் வால்வுங்கள சரியான நேரத்துல திறந்து மூட வைக்கற, கவருக்குள்ள மறைஞ்சிருக்கற டைமிங் பெல்ட்டா? இது தெரிஞ்சுட்டா பாதி முடிவு தானா வந்துடும், ரேட்டெல்லாம் அதுக்கப்புறம்தான்.

என்கிட்ட இருக்கறது மாருதி கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின் போட்ட வேகன்ஆர். அதுல டைமிங்குக்கு பெல்ட்டுக்கு பதிலா செயின், பம்ப் வெளில, ஆல்டர்னேட்டர் பெல்ட்லயே ஓடுது. என் மச்சான் வச்சிருக்கறது ரெனோ டஸ்டர் டீசல், 1.5 லிட்டர், அதுல பம்ப்ப சுத்தறதே டைமிங் பெல்ட்தான். ரெண்டு பேர் வண்டிலயும் ஒரே கம்ப்ளைன்ட், ஆனா நான் வீட்டுல மாத்தினேன், அவர்கிட்ட வீட்டுல கைய வைக்காதீங்க மச்சான்னு கண்டிப்பா சொல்லிட்டேன். எனக்கு தைரியம் இருக்கு அவருக்கு இல்லங்கறதுனால இல்ல, வேலையே வேற வேற வேல.

மத்த வண்டிங்களயும் சொல்லிடறேன். மாருதி கே சீரிஸ் பெட்ரோல், ஸ்விஃப்ட் டிசையர்ல வந்த 1.3 டீசல், ஹோண்டா சிட்டி ஐவிடெக், டொயோட்டா எட்டியோஸ் பெட்ரோல், இதெல்லாம் செயின் இன்ஜின், பம்ப் வெளி பெல்ட்ல. ஃபோக்ஸ்வேகன் போலோ, வென்டோல வந்த டீசல், ஃபோர்டு ஃபிகோ 1.4 டீசல், ரெனோ நிஸான்ல வந்த 1.5 டீசல், இதெல்லாம் டைமிங் பெல்ட் பம்ப சுத்தற டைப். பழைய இன்னோவா டீசல்ல டைமிங் பெல்ட் இருக்கு, ஆனா பம்ப் அதுல இல்ல, வெளி பெல்ட்ல ஓடும், அதனால டைமிங் பெல்ட் வண்டின்னாலே பம்பும் உள்ளதான்னு நினைச்சிட வேணாம். போலோ 1.0 டிஎஸ்ஐ, ஸ்லாவியா, விர்டஸ் மாதிரி வண்டில பம்ப் கியர் பாக்ஸ் பக்கம் உக்காந்திருக்கும், வால்வுங்கள திறக்கற கேம்ஷாஃப்ட்லருந்து ஒரு குட்டி பெல்ட் அதுக்குன்னு தனியா ஓடும், தெர்மோஸ்டாட்டும் (சூட்டுக்கு ஏத்த மாதிரி கூலன்ட்ட ரேடியேட்டருக்கு திறந்து விடற வால்வு) அதே பிளாஸ்டிக் ஹவுசிங்லதான், அது வேற கத. ஹைப்ரிட்டுங்க சிலதுல பம்பே கரன்ட்ல ஓடும், பெல்ட்டே கிடையாது, அத வீட்டுல தொடற பேச்சே வேணாம்.

இதுக்கெல்லாம் முன்னாடி, போனது பம்ப்தானான்னு உறுதி பண்ணிக்கங்க. சூடாகுதுன்னு வண்டிய விட்டா நேரா பம்ப்ப மாத்திடற கராஜுங்க இருக்கு, மாத்தின பிறகும் சூடாகும், அப்புறம் ரேடியேட்டர், அப்புறம் ஃபேன்னு வரிசையா பில்லு ஏறும். சில்க் போர்டு சிக்னல்ல நின்னா மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறுது, ரோடு காலியாயி வேகம் புடிச்சதும் எறங்கிடுதுன்னா முதல் சந்தேகம் ஃபேன் மேலதான், ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ் பாருங்க. வேகமா போகும்போதும் ஏறுது, மேடு ஏறும்போது இன்னும் ஏறுதுன்னா பம்ப், தெர்மோஸ்டாட், அடைச்ச ரேடியேட்டர், இந்த மூணுல ஒன்னா இருக்கும். ஆயில் ஸ்டிக்க உருவி பாத்தா பால் கலந்த டீ கலர்ல இருக்கு, இல்ல கூலன்ட் டேங்க்ல விடாம குமிழி வருதுன்னா அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல வர்ற பேக்கிங்), பம்ப் கத இல்ல. இப்ப வர்ற நிறைய வண்டில டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, நீல லைட்டு செவப்பு லைட்டு மட்டும்தான், செவப்பு எரியறப்ப ஏற்கனவே லேட்டு, அதனால அந்த வண்டிக்காரங்க வாரத்துக்கு ஒருதரம் பானட்ட தூக்கி கூலன்ட் லெவல் பாக்கற பழக்கம் வச்சிக்கணும்.

பம்ப் தானே காட்டிக்குடுக்கும். பம்ப் பாடில அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்ட இருக்கும், உள்ள சீல் தேஞ்சா தண்ணி பேரிங் பக்கம் போகாம வெளில வரட்டும்னு கம்பெனியே வச்ச ஓட்ட அது. அதுக்கு கீழ காஞ்சு போன கூலன்ட் கற பச்சையாவோ ரோஸ் கலர்லயோ வெள்ள உப்பு மாதிரியோ படிஞ்சிருந்தா சீல் போச்சுன்னு அர்த்தம். இன்ஜின் ஆறின பிறகு பெல்ட்ட லூஸ் பண்ணிட்டு புல்லிய (பெல்ட் ஓடற சக்கரத்த) மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாருங்க, நல்ல பம்ப்ல கொஞ்சம் கூட ஆட்டம் தெரியக்கூடாது, கையால சுத்தினா சத்தமில்லாம வழுக்கிட்டு சுத்தணும். என் வண்டியோட பழைய பம்ப்ப கழட்டி கைல வச்சு சுத்தினப்ப உள்ள மணல் அரைபடற மாதிரி ஒரு கரகரப்பு விரல்லயே தெரிஞ்சுது, ஷாஃப்ட் லேசா ஆடுச்சு, தண்ணிய தள்ளற இம்பெல்லர் விசிறி ஓரமெல்லாம் துரு தின்னு மெலிஞ்சு போயிருந்துது, பின்னாடி பக்கம் பூரா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்துது. முன்ன ஓட்டினவங்க போர் தண்ணிய ஊத்தியே வண்டிய ஓட்டியிருக்காங்கன்னு அத பாத்தாலே தெரியும். பெங்களூரு போர் தண்ணி எவ்வளவு உப்புன்னு வீட்டு கீசர் காயில் மாத்தினவங்க எல்லாருக்கும் தெரியும், அந்த தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தினா அதே உப்புதான் உள்ளயும் படியும்.

லீக் சின்னதுதானே, தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டிக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க. அது ஏன் ஆபத்துன்னு சொல்றேன். நம்ம ஊரு கடல் மட்டத்துலருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு, இங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 97 டிகிரி கிட்டயே கொதிச்சிடும். இன்ஜின் சாதாரணமா ஓடறதே 90 டிகிரி சுத்துவட்டாரத்துல. அப்புறம் எப்படி கொதிக்காம ஓடுதுன்னா ரேடியேட்டர் மூடி உள்ள பிரஷர புடிச்சு வைக்குது, மூடி மேல 1.1ன்னோ (பார் கணக்கு) 108ன்னோ (கிலோபாஸ்கல் கணக்கு) போட்டிருக்குமே அதுதான் அந்த பிரஷர், அவ்வளவு பிரஷர்ல வெறும் தண்ணி கூட 120 டிகிரி பக்கம் போனாத்தான் கொதிக்கும். பம்ப்ல ஒழுகுதுன்னா தண்ணி கொறையறது மட்டும் இல்ல, பிரஷரும் நிக்காது, அந்த முப்பது டிகிரி பாதுகாப்புல பெரும்பகுதி போயிடும். லெவல் ஃபுல்லா இருந்தும் கொதிக்கும். கே சீரிஸ்ல பிளாக்கும் அலுமினியம் ஹெட்டும் அலுமினியம், ஒருதரம் நல்லா கொதிச்சா ஹெட் வளைய வாய்ப்பு இருக்கு, ஹெட் எறக்கி லேத்துல ஃபேஸ் அடிச்சு கேஸ்கெட் போட்டு ஏத்தற செலவுல பம்ப் பல தடவ மாத்தலாம்.

ரேடியேட்டர்ல ஊத்தற லீக் அடைக்கிற பவுடர், திரவம் இதெல்லாத்தயும் நான் ஒரு ஆப்ஷனாவே எடுத்துக்கறதில்ல. பம்ப்ல லீக் வர்றது சுத்திக்கிட்டே இருக்கற ஷாஃப்ட் சீல்லருந்து, அங்க எந்த பவுடரும் ஒட்டி நிக்காது, அது போயி உக்கார்றது ரேடியேட்டர் குழாய்லயும், கேபினுக்கு சூடு காத்து தர்ற ஹீட்டர் கோர்லயும்தான். நடு ரோட்டுல மாட்டிக்கிட்டு வீடு வந்து சேரணும்னா பொறுமையா ஆற விட்டு தண்ணி ஊத்தி கொஞ்சம் கொஞ்சமா வாங்க, இல்ல டோ பண்ணுங்க, பவுடர் வேணாம்.

ரிப்பேர் கிட் போட்டு பழைய பம்ப்பயே சரி பண்ற வழி ஒன்னு உண்டு. அம்பாசடர் காலத்துல அதுதான் வழக்கம், பேரிங், ஷாஃப்ட், சீல், பேக்கிங் எல்லாம் ஒரு டப்பால வரும், எங்க பெரியப்பா சிவாஜிநகர்ல டாக்சி ஓட்டினப்ப லேத்துக்கு எடுத்துட்டு போயி பிரஸ்ல அடிச்சு மாட்டிட்டு வந்துடுவாரு. பழைய வண்டிய ஆசையா வச்சிருக்கறவங்களுக்கு, புது பம்ப் கெடைக்காத மாடலுக்கு, இன்னிக்கும் அதுதான் சரியான வழி, ஆனா பிரஸ் வச்சிருக்கற, அளவு தெரிஞ்ச லேத் ஆள் வேணும், வீட்டுல சுத்தி வச்சு அடிச்சா பேரிங் நேரா உக்காராது, சீல் முகம் கீறிடும். இப்ப ஓடற சாதாரண கார்ங்களுக்கு பம்ப் முழுசா ஒரே பீஸாதான் வருது, அத பிரிச்சு பேரிங் போடறதுல லாபமே இல்ல, புது பம்ப் வாங்கிடுங்க.

சரி, வெளி பெல்ட் வண்டிய வீட்டுல மாத்தறத பத்தி விவரமா சொல்றேன், ஏன்னா நிறைய பேருக்கு இங்கதான் மனசு ஊசலாடுது.

முதல் கேள்வி இடம். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல வண்டி வேல பாக்கக்கூடாதுன்னு நிறைய அசோசியேஷன்ல ரூல் இருக்கு, ஆயில் கற பட்டா ஃபைன் போடறவங்களும் உண்டு, முன்னாடியே கேட்டுடுங்க. தனி வீடு, சமமான தரை இருந்தா நல்லது, ஹலசூரு, மர்பி டவுன் மாதிரி குறுகலான தெருவுல ரோட்டோரமா ஜாக் போட்டு சக்கரத்த கழட்டி உக்கார்றது ஆபத்து, பைக்குங்க ஒரசிக்கிட்டு போகும். நான் பாத்த மாருதி கே சீரிஸ் வண்டிங்கள்ல பெல்ட் இருக்கறது டிரைவர் சைடு, அந்த முன் சக்கரத்த கழட்டி உள் பிளாஸ்டிக் லைனர தள்ளினாத்தான் கை நல்லா போகும். அதனால ஜாக் மட்டும் பத்தாது, ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம் வேணும், வண்டியோட வர்ற கத்திரி ஜாக்க நம்பி ஒரு நாளும் கை தலைய உள்ள விடாதீங்க.

ரெண்டாவது டூல்ஸ். சாக்கெட் செட், எக்ஸ்டென்ஷன், ரிங் ஸ்பேனர், சின்ன டார்க் ரெஞ்ச் (போல்ட்ட அளவா டைட் பண்ற ஸ்பேனர்), ஸ்கிரேப்பர், தண்ணி புடிக்க அகலமான ட்ரே. இதெல்லாம் ஏற்கனவே வீட்டுல இருந்து, உங்களுக்கு இதுல ஆர்வமும் இருந்தா லேபர் காசு மிச்சம். எதுவுமே இல்லாம இந்த ஒரு வேலைக்காக எல்லாத்தயும் வாங்கினா கராஜுக்கு குடுக்கற லேபர விட செலவு அதிகமாயிடும், மிச்சம் பண்ணலாம்னு மட்டும் எறங்கறவங்க அந்த கணக்க முதல்ல போட்டுக்கங்க. ஆனா காசு மட்டுமே விஷயம் இல்லன்னு நான் நினைக்கறேன், நம்ம கையால மாத்தினா கூலன்ட்ல எந்த தண்ணி போச்சு, பேக்கிங் முகம் எவ்வளவு சுத்தமா இருந்துது, போல்ட் எப்படி டைட் ஆச்சுன்னு நமக்கு தெரியும், அந்த நிம்மதிக்கு விலை இருக்கு.

வேலைல சொதப்ப வாய்ப்பிருக்கற இடம் நாலஞ்சுதான். இன்ஜின் நல்லா ஆறணும், ராத்திரி நிறுத்தின வண்டிய காலைல தொடுங்க, சூடா இருக்கறப்ப மூடிய திறந்தா முகத்துல அடிக்கும், கண்ணு போயிடும். ரேடியேட்டர் அடில இருக்கற டிரெயின் பிளக் பிளாஸ்டிக், வருஷக்கணக்கா சூட்டுல கெடந்து மொடமொடன்னு இருக்கும், முறுக்கினா ஒடையும், திரும்பலன்னா விட்டுட்டு கீழ் ஹோஸ கழட்டி வடிங்க. பெல்ட் எறக்கறதுக்கு முன்னாடியே பம்ப் புல்லி போல்ட்டுங்கள லூஸ் பண்ணிக்கங்க, பெல்ட் டைட்டா இருக்கறப்ப புல்லி சுத்தாது, எறக்கிட்டா புடிக்க ஆளே இருக்காது. பெல்ட் எந்த ரூட்ல ஓடுதுன்னு போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சிக்கங்க. போல்ட்டுங்க எல்லாம் ஒரே நீளம் இருக்காது, ஒரு அட்டைல பம்ப் வரஞ்சு எந்த ஓட்டைலருந்து எந்த போல்ட் வந்துதோ அங்கயே குத்தி வச்சீங்கன்னா மாறாது, நீளமான போல்ட்ட குட்டையான ஓட்டைல போட்டு முறுக்கி அலுமினியம் மரைய கெடுத்தவங்க நிறைய பேரு.

பேக்கிங் முகத்த சொரண்டறது தான் இந்த வேலையோட உயிர். பழைய பேக்கிங் துணுக்கு, பழைய அனபாண்ட் (டியூப்ல வர்ற லீக் அடைக்கிற பசை) ஒட்டல் ஒன்னு விடாம எடுக்கணும், ஆனா அலுமினியம் மெத்துன்னு இருக்கும், இரும்பு உளி வச்சு சொரண்டினா கோடு விழும், அந்த கோடு வழியாவே அடுத்த மாசம் ஒழுகும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் பொறுமையும் போதும். கம்பெனி பேக்கிங்கோ ஓ ரிங்கோ குடுத்திருந்தா அது மட்டும் போடுங்க, அதுக்கு மேல பாதுகாப்புக்குன்னு அனபாண்ட்ட கெட்டியா பூச வேணாம், பிதுங்கி உள்ள போற துண்டு ரேடியேட்டர் குழாய்ல போயி உக்காரும். பேக்கிங் இல்லாம வெறும் அனபாண்ட்லயே உக்கார்ற டைப் பம்ப்னா மெல்லிசா ஒரே கோடா விட்டு, டியூப்ல போட்ட நேரம் காய விட்டுட்டு தண்ணி ஊத்துங்க. சின்ன 6 எம்எம் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் சுத்துவட்டாரம்தான் தாங்கும், சரியான கணக்கு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும், குறுக்கு வாட்டுல கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க.

கூலன்ட் வழில மாட்டின காத்த வெளில விடற ஏர் எடுக்கறது கடைசி. கூலன்ட் மெதுவா ஊத்தி, ஹீட்டர ஃபுல் சூட்டுல வச்சு, மூடி திறந்தபடியே ஐடில்ல ஓட விட்டு, மேல் ஹோஸ அப்பப்ப அமுக்கி விட்டீங்கன்னா குமிழி குமிழியா காத்து வெளில வரும், லெவல் எறங்க எறங்க ஊத்தணும், குமிழி நின்னதும் மூடிய போட்டுட்டு ஃபேன் ரெண்டுதரம் ஓடி நிக்கற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. உள்ள ஹீட்டர்ல நல்ல சூடு காத்து வந்தா கூலன்ட் சுத்துதுன்னு அர்த்தம். சூடே வரலன்னா இன்னும் காத்து மாட்டியிருக்கு, ஆற விட்டு மறுபடி. சில மாடல்ல ஏர் எடுக்கறதுக்குன்னே தனி ஸ்க்ரூ இருக்கும், மேனுவல பாத்துக்கங்க.

பொருள் எங்க வாங்கறது. ஜே.சி. ரோடுதான் நம்ம ஊருக்கு. கைல ஆர்சி, சேஸிஸ் நம்பர் இல்லாம போகாதீங்க, ஒரே பேர்ல வர்ற வண்டிக்கே வருஷத்துக்கு வருஷம் பம்ப் மாறியிருக்கும். நல்ல கடைக்காரர் நம்பர கேட்டுட்டுதான் டப்பாவ எடுப்பாரு, பாதி கடைல தமிழ்லயே பேசலாம். கம்பெனி ஜென்யூன் டப்பா ஒன்னு, எஸ்கேஎஃப், கேட்ஸ், வாலியோ, ஐசின் மாதிரி பேர் இருக்கற பிராண்டு ஒன்னு, பேரே தெரியாத லோக்கல் மால் ஒன்னுன்னு மூணு ரேட்டு சொல்வாங்க. சின்ன பெட்ரோல் வண்டிக்கு முதல் ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் பெருசா இருக்காது, ரெண்டுல எதுவும் வாங்கலாம். லோக்கல் மால் வேணவே வேணாம், இதுல மிச்சம் பண்ற சில நூறு ரூபாய்க்கு அதே வேலைய மறுபடி செய்யணும். பழைய பம்ப்ப கையோட எடுத்துட்டு போனா இன்னும் நல்லது, போல்ட் ஓட்டை, புல்லி உக்கார்ற முகம், இம்பெல்லர் ஆழம் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துடலாம். பெரும்பாலான கடைங்க ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும், அதனால ஞாயிறு லீவுன்னு அன்னிக்கு வண்டிய பிரிச்சுட்டு பேக்கிங் கிழிஞ்சு போச்சுன்னு நிக்காதீங்க, சனிக்கிழமை காலைல ஆரம்பிங்க, பெல்ட்டும் கூலன்ட்டும் முன்னாடியே வாங்கி வச்சிருங்க. கூலன்ட் கலர பாத்து வாங்காதீங்க, கலர் கம்பெனிக்கு கம்பெனி மாறும், வண்டி புக்ல போட்டிருக்கற டைப்ப பாருங்க. ரெடி மிக்ஸ் வாங்கறது சுலபம், கான்சன்ட்ரேட் வாங்கினா டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்கணும், காவேரி தண்ணியும் வேணாம்.

அடுத்து பக்கத்து கராஜ். வெளி பெல்ட் வண்டிய வச்சிருக்கறவங்கள்ல டூல்ஸ், நேரம், இடம் இந்த மூணுல எது இல்லன்னாலும் இதுதான் நல்ல வழி, லேபர் ரொம்ப ஆகாது, வேலையும் சில மணி நேரம்தான். வில்சன் கார்டன் பக்கம் எங்க குடும்பத்து வண்டி எல்லாம் பாக்கற ஒரு கிருஷ்ணகிரிக்கார அண்ணன் இருக்காரு, அவர்கிட்ட பொருள நாமளே வாங்கி குடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டாரு, பழசு நம்ம கைக்கு வந்துடும், பக்கத்துல நின்னு பாக்கலாம். அப்படி ஒருத்தர் இருந்தா நீங்க குடுத்து வச்சவங்க. அப்படி இல்லாத இடத்துல ரெண்டு விஷயத்துல கறாரா இருங்க. ஒன்னு, கடைசில ஹோஸ் பைப்ப சொருகி குழாத்தண்ணிய ஊத்திடுவாங்க, கூலன்ட் நான் கொண்டு வந்திருக்கேன் இதத்தான் ஊத்தணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. ரெண்டாவது, "தெர்மோஸ்டாட் வால்வ தூக்கிடலாம் சார், நம்ம ஊரு வெயிலுக்கு அது தேவையில்ல"ம்பாங்க. ஒத்துக்காதீங்க. வால்வு இல்லன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோல அதிகமா விட்டுக்கிட்டே இருக்கும், மைலேஜ் போகும், ஆயில் கெடும். சில இன்ஜின்ல பைபாஸ் வழி (ரேடியேட்டர தொடாம இன்ஜினுக்குள்ளயே சுத்தற குறுக்கு வழி) மூடாததால கூலன்ட் ரேடியேட்டருக்கே போகாம சுத்தி இன்னும் சூடாகும். பம்ப் மாத்தறப்ப தெர்மோஸ்டாட் பழசா இருந்தா புதுசு போடச் சொல்லுங்க, அத பெரிய செலவுன்னு சொல்ல முடியாது.

இப்ப மச்சான் வண்டிக்கு வர்றேன். டஸ்டர் டீசல்ல பம்ப்ப எடுக்கணும்னா இன்ஜினுக்கு கீழ முட்டு குடுத்து அந்தப்பக்க மவுன்டிங்க கழட்டி, பிஸ்டனோட சேந்து சுத்தற கிராங்க்ஷாஃப்ட், வால்வுங்கள திறக்கற கேம்ஷாஃப்ட் ரெண்டயும் அதுக்குன்னு இருக்கற பின் போட்டு லாக் பண்ணி, டைமிங் பெல்ட்ட எறக்கணும். திரும்ப ஏத்தறப்ப பல்லு மாறி உக்காந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்க வாய்ப்பு இருக்கு, மோதினா முதல் செல்ஃப்லயே இன்ஜின் போயிடும். இந்த வேலய யூட்யூப் பாத்து வீட்டுல பண்ண சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க. இன்னொன்னு, இந்த டைப்ல பம்ப் பேரிங் இறுகினா பெல்ட்டும் சேந்து அறுந்துடும், ஒழுகற கூலன்ட் பெல்ட் மேல பட்டு ஊறினா அது தனி ஆபத்து, அதனால லேசா ஒழுகுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே வண்டிய நிறுத்திடணும். மச்சான் கேட்டாரு, "பெல்ட் இன்னும் கிலோமீட்டர் இருக்கே, பம்ப் மட்டும் மாத்தினா போதாதா?" போதாது மச்சான். பெல்ட்ட எறக்கற லேபர்தான் இதுல பெரிய செலவு, எறக்கினதுக்கு அப்புறம் பம்ப், பெல்ட், பெல்ட்ட இறுக்கி வழிகாட்டற உருளைங்களான டென்ஷனர், ஐட்லர் எல்லாம் சேந்த கிட்டா போட்டுடணும், நனைஞ்ச பழைய பெல்ட்ட திரும்ப மாட்டவே கூடாது. அதே மாதிரி பெல்ட் கிலோமீட்டருக்கு மாத்தறப்ப பம்ப் நல்லா இருந்தாலும் மாத்திடுங்க, இன்னொருதரம் அதே லேபர குடுக்கறத விட அது மேல்.

அந்த வேலைக்கு ஷோரூமா, கராஜான்னா, அந்த இன்ஜினோட லாக்கிங் டூல் வச்சிருக்கற, அதே இன்ஜின தெனமும் பிரிக்கற தனி கராஜ் கெடைச்சா நான் அங்க போவேன். "லாக்கிங் கிட் காட்டுங்கண்ணா"ன்னு நேராவே கேளுங்க, மார்க்கர்ல கோடு போட்டு ஏத்திடுவேன்னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஃபோர்டு மாதிரி இங்க விக்கறத நிறுத்திட்ட கம்பெனி வண்டிக்கு இந்த மாதிரி ஸ்பெஷலிஸ்ட்ட இப்பவே தேடி வச்சிக்கறது நல்லது. அப்படி யாரும் தெரியலன்னா ஷோரூம்தான், காசு கூட ஆனாலும் பரவால்ல.

ஷோரூம் எனக்கு எப்ப முதல் சாய்ஸ்னா வண்டி வாரன்டிலயோ எக்ஸ்டென்டட் வாரன்டிலயோ இருக்கறப்ப. அப்ப நீங்களும் தொடாதீங்க, கராஜ் காரரயும் தொட விடாதீங்க, புக்லெட்ல பம்ப் கவர் ஆகுதான்னு பாத்துட்டு நேரா அங்க போங்க. வெளி கை பட்ட அடையாளம் தெரிஞ்சா கிளெய்ம் நிக்காது. வாரன்டி முடிஞ்ச சின்ன வண்டிக்கு ஷோரூம்ல குடுக்கற கூடுதல் காசுக்கு பெருசா எதுவும் கெடைக்கறதில்ல, அதே பம்ப், அதே பேக்கிங். எஸ்டிமேட் போடறப்ப பம்புக்கு நடுவுல இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி சர்வீஸ்னு நுழைஞ்சிருக்கும், வரி வரியா படிச்சு வேணாங்கறத அடிக்கச் சொல்லுங்க. 2025 செப்டம்பர் 22லருந்து வண்டி உதிரி பாகம் எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், முன்ன நிறைய பாகத்துக்கு 28 இருந்துது, பழைய ரேட் கார்டு வச்சு பில்லு வந்தா கேளுங்க.

வீட்டுக்கே வந்து மாத்தி தர்ற ஆளுங்கள பத்தியும் கேக்கறாங்க. வெளி பெல்ட் வண்டிக்கு, இடமும் இருந்தா, சரி. ஆனா அவங்களுக்கு அடுத்த வீடு காத்துக்கிட்டிருக்கும், பேக்கிங் முகம் சொரண்டறதயும் ஏர் எடுக்கறதயும்தான் அவசரத்துல விட்டுடுவாங்க, ஃபேன் ரெண்டுதரம் ஓடற வரைக்கும் அனுப்பாதீங்க.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு போற வாரத்துல இந்த பிரச்சன வந்தா நான் சொல்றது வேற. வெளி பெல்ட் வண்டியா இருந்தாலும், கைப்பழக்கம் இல்லாதவங்க அந்த வாரத்துல முதல்தரமா வீட்டுல பிரிக்க வேணாம். ஓசூர் தாண்டி, தர்மபுரி தாண்டி போகும்போது ரோடு சும்மா வழுக்கிட்டு போகும், திரும்பி வர்றப்பதான் தொப்பூர் கணவாய்ல லாரிங்க பின்னாடி ஏசி போட்டுக்கிட்டு, நாலு பேரும் லக்கேஜுமா முதல் ரெண்டு கியர்லயே ஏறணும், எங்கயோ ஒழுகுதுன்னா அங்கதான் தெரியும். யார் மாத்தினாலும் ஊருக்கு கெளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மாத்தி, ஊருக்குள்ளயே ஓட்டி பாத்துடுங்க.

மாத்தின முதல் வாரம் தெனமும் காலைல ஆறின இன்ஜின்ல டேங்க் லெவல் பாருங்க, கோட்டுக்கு கொஞ்சம் எறங்கறது உள்ள மிச்சமிருந்த காத்து போனதால, ஊத்தினா நின்னுடும். நாளுக்கு நாள் எறங்கிக்கிட்டே இருந்தா பம்ப் அடில டார்ச் அடிச்சு பாருங்க, வண்டிக்கு கீழ ஒரு பழைய அட்டைய விரிச்சு வச்சா ராத்திரி விழுந்த சொட்டு எந்த எடத்துலருந்துன்னு காட்டிடும். வடிச்ச பழைய கூலன்ட்ட மட்டும் தெருவுலயோ சாக்கடைலயோ ஊத்திடாதீங்க. அதுல பெரும்பாலும் எத்திலின் கிளைக்கால்ங்கற விஷம் இருக்கும், இனிப்பா இருக்கும், தெரு நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி போயி செத்துடும். மூடி போட்ட கேன்ல புடிச்சு, குழந்தைங்க கைக்கு எட்டாம வச்சு, பழைய ஆயில் சேத்து குடுக்கற கராஜ்ல அதயும் எடுத்துக்குவாங்களான்னு கேட்டுட்டு குடுங்க, தரையில சிந்தினத மண்ணு போட்டு அள்ளிட்டு நிறைய தண்ணி விட்டு கழுவிடுங்க.